தடைக்காலத்தில் ஊருக்குப் போனேன்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு ஜூனில் நாலு வாரம் பள்ளி விடுமுறை. அதனால் ஊருக்குப் போவதும் ஜூனில்தான். இந்தக் கணக்கு எங்கே இடிக்கும் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் போய் நின்றபோதுதான் உறைத்தது.

அக்கா வீடு தண்டையார்பேட்டையில். முதல் நாள் இரவே மாமா சொன்னார்: "இப்போ போயி இன்னாத்த வாங்கப் போறே? தடை ஓடுதுபா." நான் கேட்கவில்லை. மகளுக்கும் மகனுக்கும் ஏலம் காட்டியே தீருவது என்று நாலு மணிக்கு எழுப்பி, அக்கா மகனின் ஸ்கூட்டரிலும் ஓர் ஆட்டோவிலுமாகப் போய் இறங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுகிற காலம். ஊரில் இருந்த வரை தடை வருகிற காலம் எனக்கு நினைவில் இருக்கும். பதினாலு வருடம் தள்ளி இருந்ததில் மறந்தே போய்விட்டது.

விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக்கிடந்தன. ஒரு படகில் பெயின்ட் அடிக்க ஏணி சாத்தியிருந்தார்கள். கரையில் நாலைந்து பேர் வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஏலமும் இல்லை, கூச்சலும் இல்லை. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரத்தில் பிடித்து வந்த நெத்திலியும் மத்தியும் கொஞ்சம் கூறு கட்டி இருந்தன. நான் போனை நீட்டிப் படம் எடுப்பதைப் பார்த்த ஓர் அம்மா, "இன்னா நைனா, போட்டோ புடிக்க வந்தியா, மீன் வாங்க வந்தியா?" என்றார். ரோஷம் வந்து ஒரு கூறு நெத்திலி வாங்கினேன். நல்ல மீன்தான். வறுத்தால் முள்ளோடு சாப்பிடலாம். ஆனால் வஞ்சிரம் கேட்டவனுக்கு நெத்திலியைக் கொடுத்து எத்தனை நாள் ஏமாற்ற முடியும்?

வடசென்னையில் நல்லதாக எது இருந்தாலும் அதற்கு ஒரு நேரம் இருக்கும். அந்த நேரத்தை எந்த போர்டிலும் எழுதி வைக்க மாட்டார்கள், தெருவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். என்னைப் போல வெளியே இருந்து வருகிறவன்தான் தப்பான நேரத்தில் போய் நிற்பான். மூன்று வாரமும் இந்தப் பாடம்தான் ஓடியது.

சாப்பாட்டுக்கு முன்னால் பணம். இப்போது இளநீர் வண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. என் கணக்கு இருக்கிற வங்கியிலோ பழைய இந்திய எண்தான் பதிவாகியிருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. எண்ணை மாற்றப் போனால் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த எண் இல்லை என்பதால்தானே வந்திருக்கிறேன் என்றேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்தார், நானும் சிரித்தேன், வேலை மட்டும் நடக்கவில்லை. மூன்று முறை படி ஏறி, பாஸ்போர்ட் நகலில் நாலு கையெழுத்து போட்ட பிறகு எட்டாம் நாள் சரியானது. கிளம்புவதற்கு முன்னால் இதைச் சரிபார்த்துவிடுங்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் போன்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் என்ஆர்ஓ, என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கோடு அந்த நாட்டு எண்ணையே இணைத்து யூபிஐ பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. அது சரியாகும் வரைக்கும் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்களாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் "சில்லறை இல்லயா சார்?" என்று கேட்டுவிட்டுக் கடலைப் பார்ப்பார்கள்.

மெட்ரோவைப் பற்றி எனக்குக் குறை இல்லை. 2021இல் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு விமான நிலையத்தில் ஏறினால் மாறாமலே தண்டையார்பேட்டையில் இறங்கலாம். பெட்டிகளோடு ஐந்து பேர் அப்படித்தான் வந்தோம். நாங்கள் படித்த காலத்தில் பாரிமுனைக்கு பஸ்ஸில் தொங்கிப் போன வழியில் இப்போது குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து போகிறோம். ஆனால் நாலு மணிக்கு மீன் வாங்க மெட்ரோ உதவாது, ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்குகிறது. ஆப்பில் ஆட்டோ கூப்பிட்டால் "எங்க போணும், கேஷா ஆன்லைனா?" என்று கேட்டுவிட்டு ரத்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தெருமுனை ஸ்டாண்டில் பேசி ஏறுவதே வேகம்.

சரி, அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். மண்ணடி மெட்ரோவில் இறங்கி செகண்ட் லைன் பீச் பக்கம் நடந்தால் வண்டிகள் வரிசையாக நிற்கும். முதல் நாள் பசியோடு மதியம் இரண்டு மணிக்கே போய் வெறும் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து போனால்தான் அங்கே உயிர். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடையையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. அவர்களுக்காக வந்ததுதான் பக்கத்தில் இருக்கிற பர்மா பஜாரும். அத்தோவைத் தவாவில் போட்டு வதக்க மாட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் வெந்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, மேலே சீவிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு வதக்கிய எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு. பிறகு பேஜோவை உள்ளங்கையில் வைத்து ஒரு நொறுக்கு. நம் தட்டை மாதிரி மொறுமொறுப்பானது அது. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, எலுமிச்சை பிழிந்து தட்டில் தள்ளுவார்கள். முப்பது நொடி வேலை. கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் சூடாக. காரம் ஏறினால் அதைத்தான் குடிப்பார்கள்.

முட்டையைச் சொல்லாமல் விடக் கூடாது. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் அடைத்து, புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டுக் கையில் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். என் மகன் கடித்துத் தின்னப் பார்த்து சட்டை முழுக்கப் புளி. மகள் மூன்று சாப்பிட்டாள். கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளித்த என் மனைவி, மூன்றாம் நாள் தானாகவே "இன்னைக்கு அத்தோ போகலாமா?" என்று கேட்டாள்.

அங்கிருந்து சவுக்கார்பேட்டைக்கு நடக்கலாம் என்று சொல்வார்கள். நடக்கலாம், ஆனால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். மின்ட் தெருவில் ஆளும் மாடும் பைக்கும் தள்ளுவண்டியும் ஒரே அகலத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரொட்டிக்குப் பதில் முறுக்கை வைத்து, இடையில் வெள்ளரிக்காயும் தக்காளியும் சட்னியும் வைக்கிற முறுக்கு சாண்ட்விச் வேறு எங்கே கிடைக்கும்? காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபி. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய் வழிகிற ஊத்தப்பம், பொடி தூவி. இதுவும் இருட்டின பிறகுதான். இரண்டையும் ஒரே இரவில் முயற்சி செய்யாதீர்கள், நான் செய்தேன். குடிப்பதற்கு லஸ்ஸி, பாதாம் பால், பன்னீர் சோடா என்பதோடு என் ஞானம் முடிகிறது. மற்றதைத் தேடுகிறவர்களுக்கு மாமாவின் தகவல்: டாஸ்மாக் மதியம் 12 முதல் இரவு 10 வரை.

ஞாயிறு மதியங்களில் வெயிலுக்கு வீட்டைவிட்டு நகரவில்லை. தெருமுனை மன்றத்தில் அக்கா மகனோடு என் பிள்ளைகள் கேரம் ஆடினார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2024 கடைசியில் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் என்று அங்கே எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். ராயபுரம் ரயில் நிலையத்தைக் காட்டினேன். 1856இல் வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. அந்தத் தூண்கள் எனக்கு அழகு. "ட்ரெயின் எப்ப வரும்?" என்பதற்கு மேல் பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பௌர்ணமி முக்கியம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது. எழுபத்தொரு வயதில் அவர் நேரம் தவறாமல் மூன்றையும் முடித்துவிட்டார். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றதுதான் அந்த நாளின் ஒரே குறை. அந்தப் புழுதியைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

தடை முடிந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்ப நாளாகும் என்று மாமா சொன்னதால், சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு வரை பொறுத்தோம். மூன்று மணிக்கே கிளம்பினோம். ஆளை ஆள் தள்ளுகிற கூட்டம், தலைமேல் கூடை, காலடியில் ஐஸ் தண்ணீர், காதைப் பிய்க்கிற ஏலக் குரல். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. மாமா ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்தார், வயிற்றை விரலால் அழுத்தினார், பேசாமல் அடுத்த கடைக்கு நகர்ந்தார். நாலாவது கடையில்தான் பேரம் தொடங்கியது. வெட்டித் தருகிற பெண்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கிலோ மீன் பத்து நிமிடத்தில் துண்டாகிப் பைக்குள் வந்துவிட்டது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி இன்னும் ஆறாகவில்லை.

கடைசி இரவு அத்தோ வண்டியில் கால் கிலோ பேஜோ மட்டும் பார்சல் வாங்கிக் கைப்பெட்டியில் வைத்தேன். சாங்கி விமான நிலையத்தில் திறந்து பார்த்தால் பாதி தூள். "எப்படியும் நொறுக்கித்தானேப்பா போடப் போறோம்" என்றாள் மகள்.