பேரில்லாத கம்போஸ்ட் மூட: ரோசாவுக்கு ஓகே, சலாதுக்கு வேணாம்

போன மாசம் ஹட்டன் டவுன்ல ஒரு உரக்கடைல 25 கிலோ கம்போஸ்ட் மூட ஒண்ணு வாங்கினேன், லயத்துக்குப் பின்னாடி பாத்தில சலாது, கரட், லீக்ஸ் போடுவோம். 2021ல அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டுனப்போ பட்ட பாட்டுல இருந்து அம்மாவுக்கு எந்த உரம் கெடச்சாலும் மூடையா வாங்கி வச்சிரணும், அதான் போனேன். கடைக்கார அண்ணே "பெக்டரி கழிவு கலந்தது தம்பி, பயிர் கருகருன்னு வரும்"னாரு. எந்த பெக்டரின்னு கேட்டா "கீழ இருந்து வருது"ன்னு மட்டும் தான்.

வீட்டுல பிரிச்சா மண் வாசனையே இல்ல, பெயிண்ட் டப்பா தொறந்த மாதிரி நெடி. சாம்பல் கலர் கட்டி, விரல்ல தேச்சா மினுமினுன்னு ஒட்டுது. அக்கா மகன் பழைய ஸ்பீக்கர் காந்தத்த ஓட்டிப் பாத்தான், தாடி மொளச்ச மாதிரி இரும்புத்தூள் புடிச்சிக்கிச்சு. இரும்பு பிரச்சின இல்லங்க, அதோட சேந்து வேற என்ன வந்திருக்குன்றது தான் பயம், ஈயம், கட்மியம் மாதிரி விஷ உலோகம்லாம் காந்தத்துல ஒட்டாதே. மூடைல தயாரிச்சவங்க பேரும் இல்ல, சோதிச்ச ரிப்போர்ட்டும் இல்ல.

தேயில பெக்டரி விறகு சாம்பல்னா இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன். நம்ம தேயில மண்ணு புளிப்பு மண்ணு, பிஎச் 5 பக்கம் தான் நிக்கும், அந்த மாதிரி மண்ணுல கட்மியம் சுலபமா கரஞ்சிரும், செடி துத்தநாகம் உறிஞ்சுற வழிலயே அதையும் உள்ள இழுத்துக்கும். சலாது, பசளி மாதிரி இலைல தான் கூட சேரும், போஞ்சில கொறவு. ஈயம் பெரும்பாலும் மண்ணுலயும் வேர்லயும் நின்னுரும், கரட்ட கழுவி தோல் சீவுனா கொஞ்சம் போகும், ஆனா இலைக்குள்ள போன கட்மியத்த எத்தன தண்ணில அலசியும் எடுக்க ஏலாது. கோடெக்ஸ்னு சர்வதேச உணவுத்தர அமைப்பு வச்ச கட்மிய எல்லை இலைக் கறிக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதுக்கு மேல போனாலும் செடி தளதளன்னு நிக்கலாம், அதனால "எங்களுக்கு நல்லா வந்திச்சே"ன்னு யாரும் வராதீங்க.

திரும்பக் கொண்டுபோனா பிரிச்ச மூடைய எடுக்க மாட்டேன்னுட்டாரு. 5க்கு 1 ஸ்டார், அதுவும் சாக்கு நல்ல சாக்குன்றதால. ஏற்கனவே பாத்தில போட்டவங்க டொலமைட் (ஒரு வகை சுண்ணாம்புக்கல் தூள்) போட்டு புளிப்ப கொறைங்க, கட்மியம் வேருக்கு ஏறுறது கொறையும், மண்ண விட்டு மட்டும் போகாது.

நான் கொஞ்சத்த அம்மாவோட ரோசா டின்ல போட்டுட்டேன். மிச்சம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல கெடக்கு, கோழி கிளறாம மேல தகரமும் கல்லும் வச்சிருக்கேன்.