கான்டெஸா 26, கான்டெஸா 32: இரண்டு மீட்டர் நீளம் எதை மாற்றுகிறது?

பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நீளத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்டனில் பிறந்த இரண்டு படகுகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால் போதும். கான்டெஸா 26, கான்டெஸா 32 ஆகிய இரண்டும் டேவிட் சாட்லர் வடிவமைப்பில் ஜெரமி ராஜர்ஸின் பட்டறையில் உருவானவை. சிறியது 1960களின் நடுப்பகுதியிலும் பெரியது 1970களின் தொடக்கத்திலும் வந்தன. இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை நாற்பது வயதைத் தாண்டியவை.

சிறிய படகின் நீளம் 7.77 மீட்டர், பெரியதன் நீளம் 9.75 மீட்டர். இடைவெளி இரண்டு மீட்டர்தான். ஆனால் எடையைப் பார்த்தால், முன்னது ஏறத்தாழ 2,450 கிலோ, பின்னது 4,300 கிலோவுக்குச் சற்று மேல். நீளம் கால் பங்கு கூடியதற்கு எடை முக்கால் பங்கு கூடியிருக்கிறது. நங்கூரம், சங்கிலி, பாய், கயிறு, எஞ்சின் ஆகியவற்றின் செலவு நீளத்தைவிட எடையை ஒட்டியே ஏறும். துறைமுகக் கட்டணத்தை மட்டும் மீட்டர் கணக்கில் வாங்குவார்கள் என்பதால், 32 வாங்குபவருக்கு அந்த ஒரு ரசீது மலிவாகத் தோன்றும். மற்ற ரசீதுகள் பிறகு வரும்.

பெரிய படகு வேகமாகப் போகும் என்ற எதிர்பார்ப்பை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. இத்தகைய கனமான படகின் உச்ச வேகத்தை நிர்ணயிப்பது நீரைத் தொடும் நீளம். அது 26இல் 6.4 மீட்டரும் 32இல் 7.3 மீட்டரும் ஆகும். வழக்கமான சூத்திரப்படி கணக்கிட்டால் 6.1 நாட், 6.6 நாட் என்று வருகிறது (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). லிமிங்டனிலிருந்து பிரான்சின் ஷெர்பூருக்குச் சுமார் 60 கடல்மைல். மிதமான காற்றில் சிறியது சராசரி நாலரை நாட்டிலும் பெரியது ஐந்தரை நாட்டிலும் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். எதிர்காற்றில் குட்டை அலை எழும்போதுதான் பெரிய படகின் எடை உதவுகிறது. 26 அலைக்கு அலை தடைபட்டு நிற்கும் இடத்தில் 32 வெட்டிக்கொண்டு போகும். இரண்டுமே நீர்மட்டத்துக்கு மேல் அதிகம் எழாத தாழ்ந்த விளிம்பு உடையவை என்பதால், நனைவதில் பாரபட்சம் கிடையாது.

கீழே, தண்ணீருக்குள், இரண்டும் வேறு வேறு பிறவிகள். ஃபோக்போட் என்ற ஸ்காண்டிநேவியச் சிறு பாய்மரப் படகின் மரபில் வந்த 26இன் ஏரா, அதாவது படகின் அடியில் முதுகெலும்புபோல் ஓடும் பகுதி, நீண்டது. சுக்கான் பின்பக்கம் வெளியே தொங்குகிறது. திசை பிடித்தால் விடாது. ஆனால் மெரினாவுக்குள், அதாவது படகுகள் நிறுத்தும் துறைக்குள், பின்னோக்கி ஓட்டும்போது அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சுக்கான் பிடித்தவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. 32இல் ஏரா மீன் துடுப்புபோல் குறுகிய வடிவம், சுக்கானுக்கு முன்னால் தனித் தாங்கி. இதனால் திருப்புவது எளிது. ஆழம் சிறியதற்கு 1.22 மீட்டர், பெரியதற்கு 1.68 மீட்டர். ஓதம் வற்றும் பிரான்சின் பிரெட்டனித் துறைகளில் சுவரோரமாகச் சாய்த்துத் தரைதட்ட விட்டு அடிப்பாகத்தைத் தேய்க்க நினைப்பவருக்கு இந்த அரை மீட்டர் சிறிய விஷயமல்ல.

கடல்தகுதியில் இரண்டுக்கும் நற்சான்று உண்டு. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில், 1979இல் வீசிய புயலின்போது புறப்பட்ட 303 படகுகளில் 85 மட்டுமே முடித்தன, பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தனர். மிகச்சிறிய படகுகளின் பிரிவில் முடித்த ஒரே படகு ‘அஸென்ட்’ என்ற கான்டெஸா 32. சிறியதன் கதை இன்னும் தனிமையானது. 1985இல் நியூயார்க்கிலிருந்து 18 வயதில் புறப்பட்ட டானியா ஏபி, கனடாவில் கட்டப்பட்ட 26 ஒன்றில் உலகைச் சுற்றி 1987 நவம்பரில் திரும்பினார். அந்தப் படகின் பெயர் ‘வருணா’. நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாக வைத்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது.

ஆனால் படகு தாங்குவது வேறு, உள்ளே இருப்பவர் தாங்குவது வேறு. 26இன் அறையில் ஆறடி ஆள் நிமிர முடியாது. குனிந்தபடி கால்சட்டை மாட்ட வேண்டும், ஒருவர் அடுப்பருகே இருந்தால் மற்றவர் படுக்கைக்கு ஒதுங்க வேண்டும், நனைந்த மழைக்கோட்டைத் தொங்கவிட்டால் அது தலையணைமேல் சொட்டும். 32இல் ஏறக்குறைய நிமிரலாம், கழிவறைக்குக் கதவு உண்டு, வரைபட மேசை உண்டு. ஆயினும் 2.90 மீட்டர் அகலமே கொண்ட அது, தன் நீளத்துக்கு ஒடுங்கியதுதான். அதே நீளமுள்ள இன்றைய படகுக்குள் நுழைந்துவிட்டு இதற்குள் வந்தால் ரயில் பெட்டி நினைவு வரும். இரண்டு வாரத்துக்கான குடிநீரும் உணவும் ஏற்றினால் 26 கண்ணுக்குத் தெரியும்படி அமிழும், 32 பொருட்படுத்தாது.

என் கணிப்பில், தனியாளுக்கும் வார இறுதிப் பயணங்களுக்கும் 26 போதும். பாயை ஒரே கையால் இறக்கிவிடலாம் என்பது களைத்த இரவில் பெரிய ஆறுதல். இருவர் ஒரு மாதத்துக்குமேல் படகிலேயே வாழப் போகிறார்கள் என்றால் 32தான். ஒரே தொகைக்கு நன்கு பேணிய 26ஓ கவனிக்கப்படாத 32ஓ கிடைக்கும் நிலை வந்தால், நான் தயங்காமல் சிறியதை எடுப்பேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், எஞ்சின், பாய்கள் மூன்றும் ஒருசேர மாற்றும் பருவத்தில் இருக்கும் 32, வாங்கிய விலையை மறுபடியும் கேட்கக்கூடும்.

பார்க்கப் போகும்போது படகு தண்ணீருக்கு வெளியே இருப்பது அவசியம். நாரிழைப் பிளாஸ்டிக் உடலில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று சாய்வான வெளிச்சத்தில் கவனிக்க வேண்டும். மேல்தளத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் மெல்லத் தட்டினால், நல்ல இடம் கணீரென்றும் நீர் ஊறிய இடம் பொத்தென்றும் ஒலிக்கும். 32இல் சுக்கானின் கீழ்முனையை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். தாங்கி உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், தகுந்த ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை முன்பணம் கொடுக்கக் கூடாது.