ஸ்பிரிங் கன்னுக்கு ஸ்கோப் வாங்கப் போறீங்களா? என் 6,450 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டு வாங்குங்க

ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கியை, எனக்கு விற்றவனின் வாட்ஸ்அப் நம்பர் நேற்று ராத்திரி என்னை பிளாக் செய்துவிட்டது. 6,450 ரூபாய் அதோடு போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் சோம்பேறித்தனம் வந்துவிடும்.

என்னிடம் இருப்பது ஸ்பிரிங் கன், அதாவது உள்ளே ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் காற்றை அழுத்தி குண்டைத் தள்ளும், குழலை மடக்கி லோட் செய்கிற 0.177 அங்குல ஏர் ரைஃபிள். குண்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்குள் இருப்பதால் லைசன்ஸ் தேவையில்லை. பெரியபட்டினத்தில் எங்கள் தென்னந்தோப்புக்குள் மண்மூட்டை அடுக்கி, காகிதம் ஒட்டி, 10 மீட்டரில் சுடுவேன். கொக்கு அடிக்கவா என்று கேட்கிறவர்கள் இப்படியே திரும்பிப் போகலாம். மேலச்செல்வனூர், சித்திரங்குடி என்று பறவைச் சரணாலயங்கள் இருக்கிற மாவட்டம் இது. நாற்பது வயதைத் தாண்டியதும் குழல் நுனியில் இருக்கிற முன்குறி மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது, அதனால்தான் ஸ்கோப் ஆசையே வந்தது.

கடையின் பேரைச் சொல்லமாட்டேன். ஏர் கன் சாமான்களை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிற ஆள். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, இது ஸ்பிரிங் கன் அதிர்ச்சியைத் தாங்குமா?" வீடியோ காலில் டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எந்த ஊர் என்று கேட்டான், கீழக்கரைப் பக்கம் என்றேன். அடுத்த வாய்ஸ் மெசேஜ் இப்படி வந்தது: "காக்கா, ஸ்பிரிங் கன்னுக்குன்னே வந்த பீஸ் இது. நான் பொறுப்பு." எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அண்ணன் என்றுகூட எவனும் கூப்பிடாத வியாபாரத்தில் நம்ம ஊர் வழக்கத்தில் கூப்பிடுகிறானே என்று நினைத்து, அப்போதே மொத்தப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

மாட்டினேன். முதல் ஐந்து குண்டும் இடது பக்கம் மேலே ஏறிப்போய் விழுந்தன. அது சகஜம், குறியை நகர்த்த ஸ்கோப்பில் இருக்கிற குமிழைத் திருப்பினால் சரியாகிவிடும். என் ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 10 மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 40 கிளிக் வைத்தால் மூன்று சென்டிமீட்டரை ஒட்டி நகர வேண்டும். 40 வைத்தேன். நகரவே இல்லை. அடுத்த குண்டும் அங்கேயே. அதற்கடுத்தது திடீரென்று ஐந்து சென்டிமீட்டர் வலது பக்கம் பாய்ந்தது!

அவனிடம் சொன்னால், "ஸ்க்ரூவை டைட் பண்ணுங்க காக்கா." செய்தேன். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைக்கிற மவுண்ட் பின்னால் வழுக்குகிறதா என்று பார்க்க மகளுடைய நெயில் பாலிஷால் மவுண்டையும் ரைஃபிளையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டு 30 குண்டு சுட்டேன். கோடு பிசகவில்லை. "பெல்லட்டை மாத்துங்க காக்கா." மாற்றினேன். "மூச்சைப் பிடிச்சுச் சுடுங்க." பதினோரு வருஷமாகச் சுடுகிறவனிடம்! ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, மங்கலான கண்ணோடு முன்குறியை வைத்தே சுட்டேன். ஐந்தும் ஒரு ஐந்து ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. அப்படியென்றால் துப்பாக்கியிலும் குறையில்லை, என்னிடமும் குறையில்லை.

அப்புறம்தான் குண்டே இல்லாமல் ஒரு சோதனை செய்தேன். ரைஃபிளை மண்மூட்டைகளுக்கு நடுவில் அசையாமல் பதித்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஸ்கோப்புக்குள் தெரிகிற பிளஸ் குறியை வைத்தேன். குமிழைத் திருப்பினேன். டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது, குறி மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. ஸ்கோப்பின் முதுகில் விரலால் இரண்டு தட்டு தட்டினேன். கண்ணெதிரிலேயே குறி துள்ளி நகர்ந்தது. கழற்றிக் காதருகில் வைத்து ஆட்டினால் சோழி குலுக்குகிற மாதிரி சத்தம்.

ஸ்பிரிங் கன் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னால் ஓடும்போது ரைஃபிள் பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் குலுங்கும். பின்னால் வருகிற உதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப்பின் உட்குழலும் கண்ணாடிகளும் அந்த முன்குலுக்கலில்தான் கழன்றுபோகும். எனக்கு வந்தது அந்தச் சாதாரணச் சரக்கு. டப்பாவில் மட்டும் ஸ்டிக்கர்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். கடைசிப் பதில் வந்தது: "கடலோர ஊர் காக்கா, உப்புக்காத்து உள்ளே இறங்கியிருக்கும். வாரண்டியில வராது." வாங்கி ஒன்பது நாள்! உப்புக்காற்று கூரைத் தகட்டைத் தின்னவே வருஷக்கணக்கு ஆகும். "6,450 ரூபாயைத் திருப்பித் தா" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. ராத்திரி பார்த்தால் முகப்புப் படத்தைக் காணோம்.

ஸ்கோப் வாங்கும் முறையை விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. சட்டென்று சொல்வதென்றால், முழுப் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். ஸ்பிரிங் கன்னுக்கு ஆகும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ஸ் மெசேஜ் போதாது. 10 மீட்டரில் தெளிவாகத் தெரியுமா என்றும் கேளுங்கள், 100 மீட்டருக்கு வைத்த ஸ்கோப்பில் கிட்டத்துக் காகிதம் மங்கும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன் காதருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள்.

காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். நடக்கவில்லையென்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம்தான். வாய்ஸ் மெசேஜ்களை மச்சான் போனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். ஸ்கோப் டப்பாவுக்குள் இருக்கிறது. பழுது பார்த்துத் தருகிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம், பிரிக்கமாட்டேன்.