4450 ரூபாய் போச்சு: 'பிங்க் டைகர்' மிளகாய் நாற்று வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று சாயந்தரம் மாடியில் நின்று ஒரு முழு மிளகாயை மென்று தின்றேன். உலகத்திலேயே அதிகக் காரமான வகைகளில் ஒன்று என்று சொல்லி எனக்கு விற்றது. குடைமிளகாயை விடக் கொஞ்சம் கூடுதலாக உறைத்தது, அவ்வளவுதான். நாலரை மாதம் தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து, கோடை வெயிலில் பச்சை வலை கட்டிக் காப்பாற்றிய செடி. 4450 ரூபாய். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆசை எனக்கு வந்ததே ஒரு பழத்தால்தான். போன வருஷம் கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகள், அவள் மாடியில் காய்த்த பிங்க் டைகர் பழம் இரண்டை டப்பாவில் போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தாள். நாகாலாந்து, அசாம் பக்கத்துப் பூட் ஜோலோக்கியா இருக்கிறதே, 2007-ல் 10 லட்சம் ஸ்கோவிலை (காரத்தை அளக்கும் அலகு) தாண்டிக் கின்னஸில் ஏறிய மிளகாய், அதோடு பிரேசிலின் பிமென்டா டா நெய்டி என்ற ஊதா மிளகாயைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு இது. வெயில் பட்ட பக்கம் கத்தரிப்பூ நிறம், மறுபக்கம் வெளிறிய ரோஜா நிறம், சுருக்கம் விழுந்த தோல். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அன்றைக்கு வீட்டில் சொதி, எங்க ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு. இஞ்சியோடு பச்சை மிளகாய் அரைப்பதை நிறுத்திவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு இந்தப் பழத்தில் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டு, காய்கறி இரண்டாம் பாலில் வேகும்போது முழுசாக மிதக்கவிட்டோம். ஐந்து நிமிஷத்தில் கரண்டியால் எடுத்தாயிற்று. அப்புறம் முதல் பால், இறக்கி வைத்து எலுமிச்சம்பழம். காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும், அதனால் தேங்காய்ப்பால் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. முதலில் ஒரு பழ வாசனை, நாலு வாய் தாண்டின பிறகு பைய ஏறின உறைப்பு. சொதியில் கை வைத்தால் சண்டைக்கு வரும் எங்க அத்தையே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். வருகிற ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சொதிக்கு நம்ம மாடிப் பழம்தான் என்று அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

மாசி கடைசியில் சமூக வலைத்தளத்தில் அரிய வகைச் செடி, விதை விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. நாற்று ஒன்று 450 வீதம் ஆறு, 2700 ரூபாய். பத்து விதை 600. 'ஸ்பெஷல் உரக்கலவை' 900. கூரியர் 250. மொத்தம் 4450 ரூபாய், முழுசும் முன்பணம். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. செடி வந்தபிறகு பணம் தருகிறேன் என்றேன். "செடிக்கு உயிர் இருக்குக்கா, நீங்க வாங்காம திருப்பி விட்டா வழியிலேயே செத்துரும்" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நானும் அம்பாசமுத்திரம் பக்கம்தான், நம்ம ஆத்துத் தண்ணி குடிச்சவன் உங்கள ஏமாத்துவானா?" கூடவே ஒரு வீடியோ, ஒரு கை அந்த ரோஜா நிறப் பழத்தை இரண்டாக வெட்டிக் காட்டுகிறது.

அந்தக் குரலைக் கேட்ட அடுத்த நிமிஷம் பணத்தை அனுப்பிவிட்டேன். தாமிரபரணியைச் சொன்னான், நம்பிவிட்டேன். 4450 ரூபாயை விட இதுதான் எனக்கு வலிக்கிறது, ஆற்றின் பெயரைச் சொல்லி வாங்கியது.

நாற்று வந்தது. உரக்கலவைப் பையைப் பிரித்தால் தேங்காய் நார்க்கழிவும் கொஞ்சம் மண்புழு உரமும். சரி, செடி நன்றாக இருக்கிறதே என்று விட்டேன். விதை ஆறாம் நாளே முளைத்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் இந்த அதிகக் கார வகைகள் அவ்வளவு சீக்கிரம் முளைக்காது, இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரம் வரைகூட எடுக்கும். ஆறு நாளில் முளைப்பது நம்ம சாதாரண மிளகாய். சித்தி மகளிடம் சொன்னபோது அவள் "அதுக்குள்ளயா?" என்று இழுத்தாள். நம்ம ஊர் வெயில் அப்படி என்று நானே பதில் சொன்னேன்.

பூ வந்தது, ஒரு கணுவுக்கு ஒரே பூ. பூட் ஜோலோக்கியா சேர்ந்த இனம் என்றால் ஒரே கணுவில் இரண்டு மூன்று பூ சேர்ந்து வரவேண்டும். காய் பிடித்தது, ஊதா நிறம்தான், ஆனால் எல்லாம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. சித்தி மகள் செடியில் காய் தொங்கும். காம்பும் தொப்பியும் சேரும் இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இனத்தில் அங்கே நூல் கட்டி இறுக்கினது மாதிரி ஒரு வரி ஓடும், என் காயில் வழவழவென்று இருந்தது. போன வாரம் ஊதாக் காய் ஒவ்வொன்றாகச் சிவக்க ஆரம்பித்தது. நர்சரி வாசலில் அழகுக்கு வைத்திருப்பார்களே சின்னத் தொட்டியில், அதே அலங்கார மிளகாய்.

படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், "வெயிலுக்கு நிறம் மாறும்க்கா." இரண்டு நாள் கழித்து, "தண்ணி ஜாஸ்தி ஊத்திருப்பீங்க, காரம் இறங்கிரும்." பிறகு "கலப்பினம்னாலே அப்படித்தான், ஒரு செடி மாதிரி ஒரு செடி இருக்காது." இதில்தான் எனக்குப் பொறுமை போனது. கலப்பினத்தில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது, நிறம் முன்னே பின்னே ஆகும், ஒத்துக்கொள்கிறேன். பூட் ஜோலோக்கியாவும் உறைப்பு, நெய்டியும் உறைப்பு. இரண்டுக்கும் பிறந்தது எப்படி உறைக்காமல் போகும், காய் எப்படி மேலே பார்க்கும் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் கொடுத்த 4450 ரூபாயைத் திருப்பித் தா என்றேன். "உரம் யூஸ் பண்ணிட்டீங்களேக்கா" என்றான். மறுபடி கேட்டபோது என்னை பிளாக் செய்துவிட்டான். என் வீட்டுக்காரர் எண்ணிலிருந்து கூப்பிட்டால் "அப்படி ஒரு ஆர்டரே இல்ல சார்."

அந்தப் பக்கத்தைப் பற்றி வலைத்தளத்தில் புகார் கொடுத்தேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்தது. வங்கியில் "நீங்களாத்தானே மேடம் அனுப்பியிருக்கீங்க" என்றார்கள். நேற்று ராத்திரி அந்தப் பழம் வெட்டும் வீடியோவை வேறொரு இடத்தில் பார்த்தேன், அதே கை, அதே கத்தி, பின்னால் யாரோ இத்தாலிய மொழியில் பேசுகிறார்கள். அம்பாசமுத்திரமாம்.

இனி வாங்குகிறவர்களுக்கு, இப்போது எனக்குத் தோன்றுவதை அவசரமாகச் சொல்கிறேன். அதே பக்கத்தில், உலகத்திலேயே அதிகக் காரமானது என்று கின்னஸில் ஏறின 'பெப்பர் எக்ஸ்' மிளகாய் விதையும் 800 ரூபாய்க்குப் போட்டிருந்தான். அதை உண்டாக்கிய அமெரிக்கர் எட் கர்ரி, 2023-ல் கின்னஸ் அறிவிப்பு வந்தபோதே விதையை வெளியே விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதை விற்கிறேன் என்று ஒருத்தன் சொன்னால் அந்தக் கடையில் வேறு எதுவும் வாங்காதீர்கள். காய் தொங்கும் செடியை, இன்றைய தேதி எழுதின தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் நான் இன்று காலையில் பதிந்திருக்கிறேன்.

நல்ல பழம் கிடைத்தவர்கள் கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள், காரம் விதையில் இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. எண்ணெயில் போட்டு வதக்கவே வேண்டாம், கமறல் வீடு முழுக்க நிற்கும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூச்சு முட்டும்.

சித்தி மகள் அவள் செடியிலிருந்து விதை எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். ஆவணிக்குள் அது காய்க்காது. மறுவீட்டுக்கு வழக்கமான பச்சை மிளகாய்ச் சொதிதான். அந்த ஆறு செடியும் மாடியிலேயே நிற்கின்றன, புகார் முடிகிற வரை பிடுங்கப்போவதில்லை. உங்களுக்கும் இதே மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஊதா மிளகாய் வந்திருந்தால், பணம் அனுப்பின ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.