மூக்குத்தி எங்கே போச்சு? பழைய போட்டோவைச் சரிசெய்யக் கொடுக்கும் முன் படியுங்கள்

சேலத்தில் வீட்டுப் பழைய போட்டோ எதையாவது சரிசெய்யக் கொடுக்கலாம் என்று இருப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. என் கையில் பில் கூட இல்லை, அந்த வயிற்றெரிச்சலைப் பின்னால் சொல்கிறேன்.

தாத்தாவும் அம்மாயியும் சேர்ந்து இருக்கும் படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான். தாத்தா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். 1950களில், கல்யாணமான புதிதில், மலையிலிருந்து இறங்கி வந்து சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. தாத்தா நாற்காலியில், காதில் கடுக்கன். அம்மாயி பக்கத்தில் நிற்கிறார், இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் அருவாமனையில் விழுந்த தழும்பு. பின்னால் தூணும் மாடிப்படியும் வரைந்த திரை. அந்தத் திரையை வரைந்தவர் சேலத்துச் சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸுக்கு செட் வரைந்தவர் என்பது பெரியம்மாவின் கதை, உண்மையோ என்னவோ.

ஏற்காட்டு ஈரத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மழை மாதத்தில் பெட்டிக்குள் இருக்கும் துணியே பூசணம் பூத்துவிடும். அந்தப் படம் பெரியம்மா வீட்டுச் சுவரில் 50 வருஷத்துக்கு மேல் தொங்கியது. ஓரமெல்லாம் பூஞ்சை, மஞ்சள் கறை, நடுவில் படம் கண்ணாடியோடே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆடி அமாவாசைப் படையலுக்கு வைக்க நல்லதாக ஒரு பிரதி வேண்டும் என்று பெரியம்மா கேட்டார். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஃப்ரேமை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்த இடம்தான் சரியில்லை.

கடையில் ஒரு பெரிய மானிட்டரில் 'முன்', 'பின்' என்று படங்கள் ஓடிக்கொண்டிருந்தன, பார்த்ததும் மயங்கிவிட்டேன். 2,500 ரூபாய், 1,500 அட்வான்ஸ், நாலு நாள். "விட்டுட்டுப் போங்க சார், பாத்துக்கறோம்" என்றார். விட்டுவிட்டு வந்தேன். என் முதல் முட்டாள்தனம் அது.

நாலாம் நாள் கொடுத்தது 12க்கு 18 அளவில் பளபளவென்று ஒரு படம், கலரில். கலர் கேட்கவே இல்லை. திரை போய், அதற்குப் பதில் நீலமாக ஒரு பின்னணி. முகங்கள் மட்டும் நேற்று எடுத்த மாதிரி அவ்வளவு தெளிவு, ஆனால் சேலையும் வேட்டியும் பழையபடி மங்கல்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவசரத்தில் நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு நேரே மலைக்குப் போய்விட்டேன்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, யாருடா கண்ணு இது?"

ஒரு மூக்குத்தியைக் காணோம். தழும்பைக் காணோம். தாத்தாவின் கடுக்கன் காதோடு கரைந்து போயிருந்தது. வாயை மூடி நின்ற அம்மாயி லேசாகப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சேலை பச்சை, அது அரக்கு என்று பெரியம்மா, அதைக் கட்டிப் பார்த்தவர், அடித்துச் சொல்கிறார்.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ ஆப்கள், படத்தில் ஒளிந்திருப்பதைத் தோண்டி எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய அது, இந்த மங்கலுக்கு எந்த மாதிரி முகம் பொருந்தும் என்று ஊகித்து, புதிதாக ஒன்றை வரைந்து ஒட்டுகிறது. சுண்டக்காய் அளவு முகத்தில் இல்லாத விவரத்தை வேறு எங்கிருந்து கொண்டுவரும்? மூக்குத்தி அதற்கு ஒரு புள்ளி, தழும்பு ஒரு கீறல், இரண்டையும் அழுக்கு என்று துடைத்துவிடும். கலரும் அப்படித்தான், கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலையின் நிறம் பதிவாகவே இல்லை, பார்த்தவர் யாராவது சொன்னால்தான் உண்டு.

சண்டை போடத் திரும்பிப் போனேன். "கம்ப்யூட்டர் அப்படித்தான் சார் எடுக்கும், எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க" என்றார். சரி, ஸ்கேன் ஃபைலைக் கொடுங்கள், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றால், டெலிட் ஆகிவிட்டதாம். அங்கே வேலை செய்யும் பையன் வெளியே வந்து, "ஸ்கேனெல்லாம் இல்லண்ணா, போன்லதான் எடுத்தோம்" என்று மெதுவாகச் சொன்னான். ஒரிஜினலைக் கேட்டபோதுதான் நெஞ்சே அடைத்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்ததை உரித்து எடுத்திருக்கிறார்கள். அம்மாயியின் வலது தோளும், நாற்காலிக் கையில் இருந்த தாத்தாவின் விரல்களும் கண்ணாடியோடு போய்விட்டன. கண்ணாடி எங்கே என்றேன். குப்பையில்.

இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: அந்தக் காலத்துப் போட்டோவில் படம் இருப்பது மேலே உள்ள மெல்லிய ஜெலட்டின் பூச்சில். ஈரம் பட்டால் அது பசை மாதிரி இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் காகிதம் வரும், படம் கண்ணாடியில் தங்கிவிடும். தண்ணீர், ஈரத்துணி எதுவும் ஆகாது. கண்ணாடியோடே ஸ்கேன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, எதிரொளி விழாமல் நல்ல கேமராவில் படமெடுக்க வேண்டும். கடைக்குப் போகும் முன் நீங்களே போனிலாவது நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைக்கூடச் செய்யவில்லை.

500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், ஏதோ தர்மம் செய்வது போல. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் என்னிடம் இருந்தது 'அட்வான்ஸ் 1500' என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு, கடைப் பெயர்கூட அதில் இல்லை. பில்லில் 'கண்ணாடியோடு ஒரு ஃப்ரேம் போட்டோ' என்று எழுதி வாங்கியிருந்தால் கதையே வேறு.

மிஞ்சியதை இப்போது அம்மாபேட்டைப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவர் பார்க்கிறார். முதல் நாளே 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று நுணுக்கமாக ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபைலை என் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலரில் ஸ்கேன் செய்கிறாரே என்று கேட்டேன். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு தனித்தனியாக இருக்கும், அதில் சிவப்பு அடுக்கான ரெட் சேனலில் மஞ்சள் கறை பெரும்பாலும் தெரியாது, அதை வைத்தே பாதி அழுக்கை எடுத்துவிடலாம் என்றார். முகத்தில் பூஞ்சைப் புள்ளியை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறார், எது புள்ளி எது மூக்குத்தி என்று பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டுக்கொண்டு.

தோள்தான் பிரச்சினையாக இருந்தது, எதைப் பார்த்து ஒட்டுவது? போன வாரம் அந்தக் கடைக்காரரின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஆடித் தள்ளுபடி விளம்பரம். 'பின்' என்று பச்சைச் சேலையில் பல் தெரிய அந்தப் பெண். 'முன்' என்று எங்கள் படம், கண்ணாடியோடு, உரிப்பதற்கு முன் எடுத்தது. டெலிட் ஆகவில்லை போலிருக்கிறது. கேட்டு போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மாயியின் தோளும் தாத்தாவின் விரல்களும் எதையும் மாற்றாமல் முழுசாக இருக்கும் ஒரே படம் இப்போது என் போனில் இருக்கும் அந்த விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்தான், மேலே 'இன்றே வாருங்கள்' என்று சிவப்பு எழுத்தோடு.