லாக்டோஸ் என்று விற்ற பொடி: வீட்டில் ஸ்டவுட் (கறுப்பு பீர்) காய்ச்சுபவர்கள் கவனம்

இணையத்தில் ஒரு சிறு வியாபாரி வெள்ளைப் பொட்டலத்தில் பிரித்து, கையால் பெயர் எழுதி விற்கும் 'லாக்டோஸ்' (பால் சீனி) வாங்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை. அதைப் போட்டு பீரை ஏற்கெனவே போத்தலில் அடைத்துவிட்டீர்கள் என்றால், போத்தல்கள் வெடிக்கக்கூடும்; மீதியைப் படிக்கும் முன் போய் அவற்றைக் கவனியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, போத்தல்மேல் கனமான துண்டு. அப்படியே பிரிட்ஜுக்குள் வைத்து நன்றாகக் குளிரவிடுங்கள். அப்புறம்தான் மூடியைத் தொட வேண்டும், அதுவும் துண்டால் மூடியபடியே, கொஞ்சம் கொஞ்சமாக.

என் வீட்டுச் சமையலறை அலமாரியில் போத்தல்கள் வெடித்தன. கண்ணாடித் துண்டு கதவைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. காலையில் அம்மா காப்பி கலக்க நிற்கும் இடம் அதற்கு நேர் எதிரே. வெடித்தது நடு இரவில் என்பதால் மட்டுமே யாருக்கும் காயமில்லை.

நடந்தது இதுதான். ஸ்டவுட்டுக்குக் கனமும் மெல்லிய இனிப்பும் வேண்டும் என்றால் லாக்டோஸ் சேர்ப்பது பழைய வழக்கம். பீர் ஈஸ்டிடம் அதை உடைக்கும் நொதி இல்லை, அதனால் அது அப்படியே பீரில் தங்கிவிடும். இந்த நம்பிக்கையில்தான் நொதித்தல் முடிந்த பிறகு, ருசி பார்த்து, போத்தலில் அடைக்கும்போது பலர் சேர்க்கிறார்கள். நானும் 10 லிட்டருக்கு 250 கிராம் சேர்த்தேன். பொட்டலத்தில் இருந்தது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சுத்தமான குளுக்கோஸ். ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்று வாயுவை வெளிவிடும். நுரைக்காக நாம் போடும் சீனி லிட்டருக்கு 5, 6 கிராம்தான். இங்கே கூடுதலாக 25 கிராம் போயிருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், மூடிய கண்ணாடிக்குள் அவ்வளவு வாயு சேர்ந்தால் எந்தப் பீர் போத்தலும் தாங்காது.

வியாபாரியிடம் படங்களோடு கேட்டேன். "ரெண்டும் சீனிதானே அண்ணே, பீருக்குத்தானே போடுறீங்க" என்றார். 12 சிங்கப்பூர் வெள்ளியைத் திருப்பித் தருகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். நான் மறுத்ததும், "வீட்ல காய்ச்சுறதே தப்பு, எங்க போய்ச் சொல்லுவீங்க?" என்று மிரட்டினார். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இந்த வார்த்தைக்குத்தான். அது பொய். 18 வயது நிரம்பியவர், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்குள், விற்காமல் சொந்தத்துக்கு பீர் காய்ச்ச சிங்கப்பூரில் உரிமம் தேவையில்லை. காய்ச்சி வடிக்கத்தான் கூடாது.

மாற்றிக் கொடுப்பது எதிர்ப்பக்கமாக நடந்தாலும் ஆபத்துதான். மால்டோடெக்ஸ்ட்ரின் (பீருக்குக் கனம் சேர்க்கப் போடும் மாவுச்சத்துப் பொடி) என்று சொல்லி லாக்டோஸைக் கொடுத்தால், பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பிரித்து விற்ற பொடி எதுவானாலும் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். லாக்டோஸ் இனிப்பு மிகக் குறைவு, சீனியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். டெக்ஸ்ட்ரோஸ் நன்றாகவே இனிக்கும், நாக்கில் ஜில்லென்று இருக்கும். குளிர்ந்த நீரில் சட்டென்று கரையும்; லாக்டோஸ் அடம்பிடிக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? பொடியை நீரில் கரைத்து ஈஸ்ட் போட்டு, போத்தல் வாயில் ஒரு பலூனை மாட்டி இரவு முழுக்க விடுங்கள். லாக்டோஸ் என்றால் பலூன் தொங்கியே கிடக்கும். என் பொட்டலத்து மீதியில் பலூன் விடியும் முன்பே நிமிர்ந்து நின்றது. மருந்துக்கடையில் கிடைக்கும், சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்கும் பட்டையையும் கரைசலில் நனைத்தேன். உடனே அடர்நிறம் காட்டியது. லாக்டோஸுக்கு அது நிறம் மாறாது.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் பதிந்திருக்கிறேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் பதியலாம். அதே பொட்டலத்தை வாங்கியவர்கள் மீதிப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். உறை, கையெழுத்துச் சீட்டு, குறுஞ்செய்திகள், பேநவ் (கைப்பேசிப் பணப் பரிமாற்ற) ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.