அவதூறுக்கு எஃப்.ஐ.ஆர். வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

உங்களைப் பற்றி அவதூறு பரப்பியவர் மீது எஃப்.ஐ.ஆர். போட்டுத் தருவதாக யாராவது பணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அவதூறுக்காக மட்டும் எந்தக் காவல் நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. இந்த விவரம் பலருக்குத் தெரியாது என்பதை வைத்தே ஒருவர் எங்கள் குடும்பத்தில் நாற்பதாயிரம் ரூபாயைக் கறந்துகொண்டு போனார். பணத்தைவிடப் பெரிய இழப்பு, அவர் கடத்திய காலம்.

மன்னார்குடிப் பக்கம் என் அண்ணன் விதைக்கடை வைத்திருக்கிறார். 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ஜூலைக் கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். குறுவை நெல் பருவத்தை விட்டவர்கள் அடுத்த பருவமான சம்பாவையே நம்பி விதைநெல் வாங்க வந்த நேரம். அப்போது ஓர் ஆடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. கடையின் பெயரைச் சொல்லி, "சி.ஆர். 1009 நெல் ரகம் என்று அங்கே கொடுப்பது கலப்பு விதை, பாதிகூட முளைக்காது" என்று ஒருவர் பேசியிருந்தார்.

மறுநாளே மூட்டைகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சான்று விதைக்குரிய நீல அட்டை தைத்தபடியே இருந்தது. சான்று நெல்விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன் வேண்டும். எங்கள் குவியலின் ஆய்வறிக்கை அதற்கு மேலேயே காட்டியது. அறிக்கையை நகலெடுத்துக் கடை முகப்பில் ஒட்டினோம். அப்பா காலத்திலிருந்து வாங்கியவர்கள்கூட அதை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போனார்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

அந்த நேரத்தில்தான் நாற்பதாயிரத்தைக் கறந்த அந்த ஆள் வந்தார். வக்கீல் அல்லர், நீதிமன்ற வாசலில் நின்று காரியம் முடித்துத் தருவதாகச் சொல்பவர். "அண்ணே, எஃப்.ஐ.ஆர். போட்டு ஆளை உள்ளே தள்ளிவிடலாம். நஷ்டஈடு பத்து லட்சம் உறுதி" என்றார். சில நாளில் ஒரு நோட்டீஸ் நகலைக் கொண்டுவந்தார். மேலே தராசுப் படம், கீழே வட்ட முத்திரை. வக்கீலின் பெயரும் இல்லை, பார் கவுன்சில் பதிவு எண்ணும் இல்லை. அதன்பின் கேட்கும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்கிறார்கள்" என்ற ஒரே பதில். ரசீது என்றால் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது, "வக்காலத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?" என்பதுதான். நம் சார்பில் வழக்காட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்தான் வக்காலத்து. அப்படி எதிலும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினார், வழக்கே இல்லை. உண்மையில் தாக்கலான வழக்கென்றால் அதற்கென்றே 16 இலக்க சி.என்.ஆர். என்ற வழக்கு அடையாள எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, நீங்களே கைபேசியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நஷ்டஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட, அவதூறு வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நோட்டீஸ் அனுப்பியதால் இந்தக் கெடு நீளாது. இத்தகைய வழக்குக்கு நோட்டீஸ் கட்டாயமும் இல்லை. நாங்கள் தஞ்சாவூர் போனபோது ஒரு வருடம் கடந்திருந்தது. பத்து லட்சம் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

மிச்சமிருந்தது குற்றவியல் வழி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையேல் சமூக சேவை. பாதிக்கப்பட்டவர் நீதித்துறை நடுவரிடம் தனிநபர் புகாராகக் கொடுக்க வேண்டும். இதற்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. அண்ணன் இப்போது கொடுத்திருக்கிறார். எதிராளி, தான் சொன்னது உண்மை, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். அதனால்தான் ஆய்வறிக்கையும் நீல அட்டைகளும் எங்களுக்கு உயிர்.

ஆடியோ வந்த கைபேசியையும் பத்திரமாக வைத்திருங்கள். எங்களை ஏமாற்றிய ஆள் எல்லாவற்றையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, "போனில் இருப்பதை அழித்துவிடுங்கள்" என்றார். மின்னணுச் சான்றுக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆவது பிரிவில் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. என் அண்ணி தன் கைபேசியில் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

ஏமாற்றியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடமான காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஏமாற்றிப் பணம் பறிப்பது நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் வரும், அதற்கு எஃப்.ஐ.ஆர். போடலாம். திருவாரூர், தஞ்சை, நாகை பக்கம் இதேபோல் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், ஜிபே பதிவையும் அந்தத் தராசு போட்ட நோட்டீசையும் எடுத்துக்கொண்டு உங்கள் காவல் நிலையத்துக்குப் போங்கள்.